உஷா வரைந்த பன்னிரண்டு வீடுகள்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் காம்பவுண்டு எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால் தூரத்திலிருந்தே கையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். கிட்டே போய் நிற்க எனக்கு மனசு வராது. ஆறுக்கு ஆறு எதிரெதிராகப் பன்னிரண்டு வீடுகள், நடுவில் சாக்கடை, கோடியில் ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். கன்னடத்தில் இந்த மாதிரி இடத்தை வட்டாரா என்பார்கள். அந்த வீடுகளிலிருந்து எங்களைக் காலி பண்ண வைத்தது ஓனர் சந்தானம் என்று கோர்ட் ஃபைலில் எழுதியிருக்கும். எங்கள் ஆட்களைக் கேட்டால் வேறு பேர் சொல்வார்கள். உஷா. நாலாம் நம்பர் வீட்டுச் சண்முகம் அண்ணனின் மகள். ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண்.

நான் ருக்கு. அஞ்சாம் நம்பர். எண்பத்தெட்டில் கல்யாணமாகி அங்கே வந்தவள். பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டை அளவு சரிபார்க்கிற வேலை. எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் மாமியாரே நாலு தெருவுக்குச் சொல்லி வைத்திருந்தார், அதனால் நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உஷா மேல் எனக்குக் கோபம் உண்டு. இன்றைக்கும் உண்டு. அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், பிறகு என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாறக் கூடாது.

ஒவ்வொரு வீடும் பத்துக்குப் பதினாலு அடி. ஒரே அறை. சந்தானம் சாரின் அப்பா கட்டியது. மல்லேஸ்வரத்துக் குடும்பம், அப்பாவுக்கும் மகனுக்கும் சர்க்கார் உத்தியோகம், மூன்று தலைமுறையாக பெங்களூர்தான். ஒரு அறையில் எத்தனை பேர் எத்தனை வருஷம் புரள முடியும்? பிள்ளை பிறந்தது, பரண் போட்டோம். மருமகள் வந்தாள், வாசல் பக்கம் மூணு அடி இழுத்து, ஷீட் போட்டு, அடுப்பை அங்கே தள்ளினோம். ஏழாம் நம்பர் சிரில் அண்ணன் சுவரோடு மடிகிற பலகைக் கட்டில் ஒன்று அடித்து, அதற்காகச் சுவரில் இரும்பு பதித்தார். ஓனரிடம் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் யாரும் கேட்கவில்லை.

மாசாமாசம் அஞ்சாம் தேதி சந்தானம் சார் வாடகைக்கு வருவார். அன்றைக்குத்தான் பன்னிரண்டு வீட்டிலும் துணி துவைக்கிற நாள். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி, விடிந்ததும் புடவைகளை நனைத்து, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கயிறு கட்டிக் காயப் போட்டுவிடுவோம். உள்ளே மூணு அடி முன்னால் வந்திருக்கிற சமையலறை ஒன்றும் கேட்டிலிருந்து தெரியாது. பெண்களின் ஈரப்புடவையை விலக்கிக்கொண்டு உள்ளே வருகிற ஆள் இல்லை அவர். கேட்டிலேயே நின்று, "எல்லாரும் சௌக்கியமா" என்று கேட்டு, வாங்கிக்கொண்டு போவார். அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்தோம். தெரிந்திருக்கும். தெரிந்தது வேறு, எழுத்தில் இருப்பது வேறு என்பது எங்களுக்குத்தான் தெரியவில்லை.

தொண்ணூற்று ஒன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்து ஊரில் தமிழர்களை அடித்தபோது கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தோம். அந்த வாரத்தில்தான் சண்முகம் அண்ணனும் என் வீட்டுக்காரரும் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுச்சுவரில் கடப்பாரையால் ஒரு வழி உடைத்தார்கள், பெண்கள் வாசலுக்கு வராமலே இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகட்டும் என்று. கலவரம் அடங்கிய பிறகும் அதை அடைக்க யாருக்கும் மனசு வரவில்லை. திரை போட்டு விட்டுவிட்டோம். உஷாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அதற்குப் பிறகு அவள் பாதி எங்கள் வீட்டிலும் பாதி அவள் வீட்டிலுமாகத்தான் வளர்ந்தாள்.

சண்முகம் அண்ணனுக்கு ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை. வெட்டி மிச்சமான தடித்த தாள்களைக் கட்டிக்கொண்டு வருவார். அவர் மனைவி சொர்ணக்கா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். கை முழுக்கக் கரி. அந்தக் கை மகளின் தாளில் பட்டுவிடக் கூடாது என்று முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள். மற்ற பிள்ளைகள் மலை, சூரியன், தென்னைமரம் என்று வரைந்தபோது உஷா எங்கள் குழாயடியை வரைந்தாள். வரிசையில் இருந்த குடங்களைப் பார்த்தே யார் குடம் எது என்று சொல்லிவிடலாம். என் குடத்து நசுங்கல் வரைக்கும் இருந்தது. நான் அவளைத் திட்டினேன், மானத்தை வாங்குகிறாயே என்று. உள்ளுக்குள் குஷிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா கப்பன் பார்க் பக்கம் கூட்டிப் போய்ப் பெரிய பெரிய கட்டடங்களைக் காட்டினார். பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, பார்த்து வரையட்டும் என்று. திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "ஷோக்கா இருக்கு ருக்கக்கா. ஆனா எங்க அம்மா மாதிரி ஒருத்தர் போனா உக்கார ஒரு இடமில்ல." பதினாலு வயசில் அவளுக்கு அதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. சொர்ணக்கா ஏன் எப்போதும் வாசலில் அந்த இரண்டடி இடத்திலேயே உட்காருகிறாள், பன்னிரண்டு வீட்டிலும் பெண்கள் ஏன் அதே இரண்டடியில்தான் உட்காருகிறார்கள் என்று என்னைக் கேட்டாள். வெளிச்சம் அங்கேதான்டி வருது என்றேன். "அப்போ கட்டினவருக்கு அது தெரியலையா?" என்றாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

சந்தானம் சாரின் ஒரே மகள் நிருபமா ஆர்க்கிடெக்சர் மூணாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று ஆறில் ஒரு அஞ்சாம் தேதி அப்பாவோடு வந்தவள், கேட்டோரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த உஷாவைப் பார்த்துவிட்டாள். உஷா அப்போது பி.யூ.சி. நிருபமா ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்தாள். கெட்ட பெண் என்று என்னால் சொல்ல முடியாது. நின்று பார்த்த விதத்தில் பொய் இல்லை. "நீ கண்டிப்பா ஆர்க்கிடெக்சருக்கு டிரை பண்ணணும்" என்றாள். வரைந்த படங்களை ஒரு கட்டாகக் கொண்டுபோய் இன்டர்வியூவில் காட்ட வேண்டுமாம், போர்ட்ஃபோலியோ என்று பேர். "எல்லாரும் பூ ஜாடி, பழக்கூடைன்னு போட்டுண்டு வருவா. நீ அதைப் பண்ணாதே. உனக்கு நன்னா தெரிஞ்ச ஒரு இடத்தை அளந்து போடு. எது முதல்ல இருந்தது, எது பின்னால வந்தது, ஏன் வந்ததுன்னு போடு. அந்த மாதிரி யாரும் போட்டிருக்க மாட்டா."

உஷாவுக்கு நன்றாகத் தெரிந்த இடம் எது? இதைக் கேட்க வேண்டுமா?

எட்டு மாசம் வரைந்தாள். என்னுடைய கார்மெண்ட்ஸ் டேப்பைத்தான் எடுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுமுனையைப் பிடித்தது நான். ஒரு அளவை மூன்று தரம் எடுக்காமல் எழுத மாட்டாள். சட்டைக் காலருக்குக்கூட நாங்கள் அவ்வளவு பார்க்க மாட்டோம். வீட்டுக்கு ஒரு பெரிய தாள். ஓனரின் அப்பா கட்டியது கறுப்பு மையில். நாங்கள் சேர்த்தது சிவப்பு மையில். ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலும் சின்னதாக வருஷமும் காரணமும். '1983, மூத்த மகன் கல்யாணம்.' '1989, ருக்குவுக்கும் மாமியாருக்கும் ஒரே அடுப்பு ஆகாததால்.' அதைப் படித்துவிட்டு நான் அவள் காதைத் திருகினேன். சுவரில் உடைத்த வழிக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: '1991 டிசம்பர், பயம்.'

காம்பவுண்டே அவள் பின்னால் அலைந்தது. என் பரணை விட்டுட்டியே என்று ஒருத்தர், என் மாடத்தைப் போடு என்று இன்னொருத்தர். சிரில் அண்ணன் தன் மடக்குக் கட்டிலை மூன்று தரம் மடித்துக் காட்டி, அவள் வரைந்து முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. நாங்கள் இருக்கிற இடத்தைப் பற்றிப் பெருமைப்பட எங்களுக்கு அதுவரைக்கும் யாரும் ஒரு வாய்ப்புக் கொடுத்ததில்லை. உஷா சொல்வாள்: "ஒரே அளவு ரூம் அக்கா. பன்னெண்டு பேரு பன்னெண்டு விதமா மாத்தி வெச்சிருக்கீங்க, யாரும் படிக்காமலே. நான் இதைத்தான் படிக்கப் போறேன்."

கடைசியில் நிருபமா ஒன்று சொன்னாளாம். தகவல் யார் கொடுத்தார்களோ அவர்களுடைய கையெழுத்தையும் படத்துக்குக் கீழே வாங்கிவிடு, அதுதான் முறை என்று. வாங்கினாள். பன்னிரண்டு தாளிலும் போட்டோம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். நான் கொஞ்சம் சாய்த்து, அழகாக, கீழே கோடு இழுத்துப் போட்டேன். யாராவது எங்களைக் கட்டாயப்படுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு ஒரு ஆறுதலாவது இருந்திருக்கும். வரிசையில் நின்று போட்டோம்.

தொண்ணூற்று ஏழு மார்ச்சில் உஷா அந்தத் தாள்களை நிருபமாவிடம் கொடுத்தாள். ஒரு வாரம் வைத்திருந்து, அட்டையில் ஒட்டி, தன் புரொபசர் ஒருத்தரிடமும் காட்டித் தருவதாக அவள் கேட்டிருந்தாள். சந்தானம் சார் சாப்பாட்டு மேஜையில் அதைப் பார்த்திருக்கிறார். பதினைந்து வருஷமாக ஈரப்புடவைக்குப் பின்னால் நாங்கள் ஒளித்து வைத்தது எல்லாம் அங்கே சிவப்பு மையில், வருஷத்தோடு, அளவோடு, எங்கள் கையெழுத்தோடு கிடந்திருக்கிறது. நிருபமாவுக்குத் தெரிந்தேதான் நடந்தது என்று நான் சொல்கிறேன். தெரியாது என்று உஷா இன்றைக்கு வரைக்கும் சொல்கிறாள்.

ஏப்ரலில் பன்னிரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. ஓனரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் செய்ததால் காலி செய்ய வேண்டும் என்று. அதோடு உஷாவின் படங்கள், ஜெராக்ஸில். ஜெராக்ஸில் சிவப்பும் கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. சண்முகம் அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம பாப்பா போட்டதுதானே இது" என்று கேட்டார். பைண்டிங் பண்ணினவருக்குத் தன் தாள் தெரியாதா? ஆனாலும் கேட்டார்.

எங்களுக்கு ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் போட்ட முதல் உத்தரவு, அந்தப் பெண்ணிடம் அளவு எழுதின நோட்டு, கிறுக்கின தாள் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவது உத்தரவு, இனி ஒரு கோடுகூட வரையக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலமே குழாயடியில் வைத்து எல்லாவற்றையும் எரித்தார்கள். தீக்குச்சி கிழித்தது சண்முகம் அண்ணன். உஷா பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால்கூட நாங்கள் கொஞ்சம் இரங்கியிருப்போமோ என்னவோ. சொர்ணக்காதான் உள்ளே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ஜூனில் காலேஜ் இன்டர்வியூ. நுழைவுத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள், போர்ட்ஃபோலியோ மட்டும் இல்லை. நான்தான் அவளை மல்லேஸ்வரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். எனக்கும் அவள் மேல் ஆத்திரம்தான், ஆனால் எட்டு மாசம் டேப் பிடித்தவள் நான். சந்தானம் சார் எங்களை உட்காரச் சொன்னார். அவர் மனைவி கோமளம்மா காபி கொண்டுவந்து வைத்தார். நிருபமா வெளியே வரவில்லை. ஊரில் இல்லை என்றார்கள்.

"சார், ஒரு நாளைக்கு மட்டும் ஒரிஜினல் குடுங்க. இன்டர்வியூ முடிஞ்சதும் நானே கொண்டாந்து தரேன்" என்றேன்.

"எங்கிட்ட இல்லையேம்மா. கோர்ட்ல போட்டாச்சு. நம்பர் குத்தி ஃபைல்ல சேத்துட்டா. இனிமே நானே கேட்டாலும் தரமாட்டா." உஷாவைப் பார்த்தார். "ரொம்ப நன்னா போட்டிருக்கே கொழந்தே. நாப்பது வருஷம் சர்வீஸ்ல எத்தனையோ டிராயிங் பாத்திருக்கேன். இப்படி ஒண்ணு பாத்ததில்லை. உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை."

அவருக்கு எதற்குக் கோபம் வரப் போகிறது? நான் காபியைத் தொடவில்லை. உஷா குடித்தாள், டம்ளரைக் கழுவி வைக்கட்டுமா என்று வேறு கேட்டாள். பஸ் ஸ்டாப்பில் அவளை நன்றாகத் திட்டினேன்.

இன்டர்வியூவுக்கும் நான்தான் கூடப் போனேன். ஒரு வாரத்தில் அவசர அவசரமாகப் போட்ட பூ ஜாடியும் பழக்கூடையும் கொண்ட பையோடு உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். என்னடி கேட்டாங்க என்றேன்.

"உனக்கு இன்ஸ்பிரேஷன் எதுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"எங்க காம்பவுண்டுன்னு சொன்னேன். அது எங்க, காட்டுன்னாங்க. கோர்ட்ல இருக்குன்னேன். சிரிச்சாங்க." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "கெட்டவங்க இல்ல அக்கா. ஜோக்குன்னு நெனச்சிட்டாங்க."

சீட் கிடைக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் கோர்ஸில் சேர்ந்தாள். காம்பவுண்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை. குழாயடியில் அவள் வந்தால் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். நான் பேசினேன், ஆனால் முன்னைப்போல இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

தொண்ணூற்று ஒன்பதில் சாட்சி விசாரணை வந்தது. எங்கள் வக்கீலின் வாதம் இதுதான்: இந்த மூணு அடி, பரண், எல்லாமே ஓனரின் அப்பா காலத்திலேயே இருந்தது. இந்தப் படங்கள் ஒரு சின்னப் பெண் விளையாட்டாகப் போட்ட கற்பனை. கையெழுத்தெல்லாம் வெறும் தாளில் வாங்கியது. நான் கூண்டில் ஏறி வெறும் தாளில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சத்தியம் பண்ணிச் சொன்னேன். பன்னிரண்டு வீட்டிலும் அப்படியே சொன்னோம். பிறகு உஷாவைக் கூப்பிட்டார்கள்.

"இதில் எழுதியிருக்கிற வருஷங்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"கற்பனை."

"காரணங்கள்?"

"கற்பனை."

"அளவுகள்?"

உஷா அப்பாவைப் பார்த்தாள். எங்கள் வக்கீல் இருமினார். சண்முகம் அண்ணன் கையைக் கூப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சாமியைப் பார்க்கிற மாதிரி மகளைப் பார்த்துக்கொண்டு.

"அதுவும் கற்பனைதான்" என்றாள்.

அப்படியானால் அளந்தே பார்த்துவிடலாம் என்று கோர்ட்டிலிருந்து ஒரு கமிஷனரை நியமித்தார்கள். கமிஷனர் என்றால் பெரிய போலீஸ் இல்லை, இளம் வயசு வக்கீல் ஒருத்தர்தான். வந்து அளந்து அறிக்கை கொடுப்பார். எங்கள் வக்கீல் முந்தின நாள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "படத்துல இருக்கற அளவும் வீட்டுல இருக்கற அளவும் சேரக் கூடாது. ரெண்டு மூணு அங்குலம் வித்தியாசம் வந்தாலே போதும், கற்பனைன்னு நான் அடிச்சுப் பேசிடுவேன். சேந்துடுச்சின்னா அந்தப் பொண்ணு பொய்சாட்சி, நீங்க எல்லாரும் பொய்சாட்சி, வருஷம் காரணம் எல்லாமே உண்மைன்னு ஆயிடும். வீட்டை மறந்துடுங்க."

ராவோடு ராவாகச் சுவர்களில் ஒரு கோட் சாந்து பூசினோம், அரை அங்குலமாவது குறையட்டும் என்று. எங்கள் நடுச்சுவர் வழியைச் செங்கல் வைத்து அடைத்து, பீரோவை நகர்த்தி மறைத்தோம். அடைக்கும்போது சொர்ணக்கா அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், நான் இந்தப் பக்கம். கடைசிக் கல் வைக்கிறவரை இரண்டு பேரும் ஏதோ பால்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

காலையில் கமிஷனர் வந்தார், கூட இரண்டு ஆட்கள், இரண்டு தரப்பு வக்கீல்கள். உஷாவின் தாள்கள் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் அவற்றைக் கிட்டத்தில் பார்க்கிறாள். எல்லோரும் வாசலில் நின்றோம். கமிஷனர் அஞ்சாம் நம்பரில் ஆரம்பிக்கலாம் என்றார். என் வீடு.

முதலில் முழு நீளம். பின்சுவரில் ஒரு ஆள், முன்னால் இழுத்துக் கட்டின சமையலறைச் சுவரில் ஒரு ஆள், நடுவில் என் கட்டில், தையல் மெஷின். துணி டேப்.

"பதினேழு அடி அஞ்சு அங்குலம்" என்று படித்தார் அந்த ஆள்.

கமிஷனர் தாளைப் பார்த்தார். "இதுல பதினேழு அடி ரெண்டரைன்னு இருக்கு."

எங்கள் வக்கீலின் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க சார், முதல் அளவே தப்பு. மொத்தமா ரெண்டரை அங்குலம். தயவுசெஞ்சு நோட் பண்ணிக்கோங்க, படத்தில் உள்ள அளவு தவறுன்னு." கமிஷனர் பேனாவைத் திறந்தார். என் பக்கத்தில் நின்ற சிரில் அண்ணன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் மூச்சு விட்டேன். அந்த ஒரு நிமிஷம் பன்னிரண்டு வீடும் எங்களுடையதாக இருந்தது.

"டேப் தொய்யுது சார்."

உஷா. எல்லோரும் திரும்பினோம். சொர்ணக்கா கரிக்கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உதறவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை.

"கட்டில் மேல தொய்யுது. அதான் ஜாஸ்தி காட்டுது. இழுத்துப் புடிச்சுப் பாருங்க. பதினேழு அடி ரெண்டரைதான்."

கமிஷனர் அவளையே பார்த்தார். "நீங்கதானம்மா அளவெல்லாம் கற்பனைன்னு கோர்ட்ல சொன்னது?"

அந்த ஆட்கள் கட்டிலை நகர்த்தி டேப்பை இழுத்துப் பிடித்தார்கள். பதினேழு அடி இரண்டு அங்குலம், எங்கள் ஈரப் பூச்சு அரை அங்குலத்தைக் கூட்டினால் சரியாக இரண்டரை.

அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் அளந்தார்கள். பன்னிரண்டு வீடு. எங்கள் சாந்துப் பூச்சு கழித்தால் ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை. பீரோவையும் நகர்த்தினார்கள், ஈரச் செங்கலைப் பார்த்தார்கள், அதன் அகலமும் சரியாக இருந்தது. போகும்போது கமிஷனர் தன்னுடைய ஆளிடம் சொன்னார், நம்ம இன்ஜினியர்கள் போடுவதுகூட இவ்வளவு துல்லியமாக இருக்காது என்று. அவள் படத்துக்கு யாராவது மார்க் போட்டார்கள் என்றால் அவர் ஒருத்தர்தான்.

கேட் சாத்தினதும் சண்முகம் அண்ணன் மகளை அடித்தார். இருபது வயசுப் பெண்ணை, எல்லோர் முன்னாலும். அதுவரை அவர் அவள் மேல் கை வைத்து நான் பார்த்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு அவளிடம் போய், "ஏன்டி வாயைத் தொறந்த? வீடு போகுதுன்னு தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றாள். "தப்புன்னு எழுதப் போனாரு அக்கா."

இரண்டாயிரத்தில் தீர்ப்பு வந்தது. ஆறு மாசத்தில் காலி பண்ணினோம். ஆளுக்கு ஒரு திசை. சிரில் அண்ணன் மடக்குக் கட்டிலைச் சுவரிலிருந்து பெயர்க்கப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டுப் போனார். நாங்கள் சந்தாபுராவுக்கு வாடகைக்குப் போனோம். சண்முகம் அண்ணன் குடும்பம் ஹெப்பகோடி. அங்கே போன மறுவருஷம் அவர் இறந்துபோனார். சர்க்கரை என்றார்கள். காம்பவுண்டிலிருந்து சாவுக்கு வந்தது நான் ஒருத்திதான்.

உஷா இப்போது ஹெப்பகோடியில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் போடுகிறாள். ஒரு வீட்டுக்கு இரண்டு படமாம். அனுமதி வாங்க ஒன்று, கட்ட ஒன்று. அனுமதிப் படத்தில் வீட்டைச் சுற்றி மூணு அடி காலியாக விட்டிருக்கும். கட்டுகிற வீட்டில் அது இருக்காது. "இங்க பொய்யா வரையறதுக்குத்தான் அக்கா சம்பளம்" என்றாள் ஒருமுறை. சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்து அஞ்சில் நாங்கள் எப்படியோ தட்டிக்கொட்டி சந்தாபுராவில் இருபதுக்கு முப்பது சைட் ஒன்று வாங்கினோம். விஷயம் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உஷா வந்தாள். காலி மனையில் நானும் அவளும் நின்றோம். அவள் கொஞ்ச நேரம் வடக்கே பார்த்தாள், கொஞ்ச நேரம் கிழக்கே. நாலு தப்படி நடந்தாள், நின்றாள், திரும்பி வந்தாள். அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அவள் தலைக்குள் அந்த நிமிஷமே என் வீடு எழும்பிக்கொண்டிருந்தது, அடுப்பு எங்கே, வெளிச்சம் எங்கே, நான் உட்காருகிற இரண்டடி எங்கே என்று.

"பிளான் யாரு போடறாங்க ருக்கக்கா?"

"மேஸ்திரியே போட்டுக்கறேன்னு சொல்லிட்டாருடி" என்றேன்.

தலையாட்டினாள். நல்லது அக்கா என்றாள். கொண்டுவந்த மல்லிப்பூவை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

மேஸ்திரி அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் நான்தான் அவரிடம் போய், நீங்களே போட்டுக் கட்டிவிடுங்கள் என்று சொன்னேன். கட்டினார். சமையலறையில் பட்டப்பகலிலும் லைட் போட வேண்டும். மாடிப்படி திரும்புகிற இடத்தில் குனிந்துதான் ஏற வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தரமாவது முட்டிக்கொள்கிறார்கள். என் மகள் தர்ஷினி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "யாரும்மா இப்படி ஒரு படிய வெச்சது?" என்று கேட்கிறாள்.

நான்தான் என்கிறேன்.